மேஜர் வோட்டுக் கேட்ட காலம்

யுத்தம் முடிந்த மறுவருடம் என் கணவர் இராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்று, இரண்டு தகரப் பெட்டிகளோடும் சரியாக மடங்காத இடது முழங்காலோடும் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார். அப்போது எங்கள் மூத்த மகன் ஏ.எல். பரீட்சை எழுதி முடித்திருந்தான். இளையவனுக்கு மீசை அரும்பியிருந்தது. அவ்வளவு காலக் குடித்தனத்தில் நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது அவருடைய லீவு நாட்களில் மட்டும்தான். லீவில் வரும் கணவரை எனக்குத் தெரியும். நல்ல மீன் வாங்குவேன், வட்டிலப்பம் அவிப்பேன், பிள்ளைகளைச் சத்தம் போட வேண்டாம் என்பேன். அவர் போனதும் ஒரு நாள் அழுவேன், பிறகு என் வேலையைப் பார்ப்பேன். திரும்பிப் போகாமல் வீட்டிலேயே இருக்கும் கணவரை எனக்குத் தெரியாது.

வந்த முதல் வாரமே என் சமையலறை டின்களை உயரப்படி அடுக்கி வைத்தார். மிளகாய்த்தூளுக்குக் கையை நீட்டினால் கோப்பித்தூள் வந்தது. வாசலில் செருப்புகள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு ஆடுகள் வளவுக்குள் வராதபடி தானே வேலி கட்டினார். கட்டி முடித்த பிறகு, ஆடுகளும் வராத வளவில் என்ன செய்வது என்று தெரியாமல் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னேரங்களில் அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அவர் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் முஸ்லிம் பிள்ளைகளில் ஆமிக்குப் போனவர்கள் அந்தக் காலத்தில் அபூர்வம். போன இடத்தில் சாப்பிட்டது, சிரித்தது, கோபப்பட்டது எல்லாம் சிங்களத்தில். அதனால் அவருடைய தமிழ் சுருங்கி, கட்டளைக்கு மட்டும் உதவுகிற தமிழாக ஆகியிருந்தது. "வா." "வை." "எங்க போற?" அவ்வளவுதான். பிள்ளைகள் அவரோடு சிங்களத்தில் கதைப்பார்கள். எனக்குச் சிங்களம் கடைத்தெருவுக்குப் போதும், குடும்பம் நடத்தப் போதாது.

அப்படி இருந்த ஒரு நாள்தான் மாகாண சபைத் தேர்தலுக்கு ஆள் தேடிக்கொண்டு ஒரு பெரிய கட்சியின் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம் ஒருவர் வேண்டும், அவர் சிலாபம் பக்கத்துச் சிங்கள ஆட்களுக்கும் பிடித்தவராக இருக்க வேண்டும். அந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தது எங்கள் வீட்டில்தான்.

"எனக்கு அரசியல் தெரியாது. நான் ஆமிக்காரன்," என்று அவர் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

"அதுக்காகத்தான் சேர் நாங்க வந்த," என்றார் வந்தவர்களில் ஒருவர்.

அவர் எழுந்து சமையலறைக்கு வந்தார். கல்யாணமாகி அன்றுதான் முதல் முறையாக ஒரு விசயத்தில் என்னிடம் கேட்டார். "நீ என்ன சொல்ற?"

"போங்க. போய் நிண்டு பாருங்க," என்றேன். "இல்லாட்டி எண்ட டின்னெல்லாம் இன்னொருக்கா அடுக்கப் போறீங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் போய் ஓம் என்று சொல்லிவிட்டார்.

முதல் கூட்டம் எங்கள் சந்தைக்குப் பக்கத்தில். நானும் பெண்களோடு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு முன்னால் பேசியவர்கள் ஆளுக்கு அரை மணித்தியாலம் பேசினார்கள். இவர் மைக்கைப் பிடித்து நிமிர்ந்து நின்றார். "மூணு விசயம். ஒண்டு, ரோட்டு. ரெண்டு, தண்ணி. மூணு, ஸ்கூல். செய்வன். கேள்வி இருக்கா? இல்ல. சரி." வந்து உட்கார்ந்துவிட்டார். மைக் பழுதாகிவிட்டது என்று நினைத்து ஒருவர் வயரைப் பிடித்து ஆட்டினார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், அவர் என் கணவர் என்று தெரியாமல், "பாவம், வயித்து வருத்தமாக்கும்," என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஆக்களப் பாத்து ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணாதீங்க. ஒருத்தர்ட்ட கதைக்கிற மாதிரிக் கதைங்க."

"யார்ட்ட?"

"என்னோடதான். என்னோடயும் இன்னும் கதைக்கல்ல நீங்க."

அதற்குப் பிறகு எல்லாக் கூட்டத்துக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பேசும்போது பெண்கள் பக்கம் என் முகத்தைத் தேடுவார். நான் தலையை அசைத்தால் தொடர்வார். அசைக்காவிட்டால் அந்த வசனத்தை இன்னொரு முறை மெதுவாகச் சொல்வார்.

ஊரெல்லாம் அவருடைய படமும் வோட்டுச் சீட்டில் அவருக்குரிய விருப்பு இலக்கமும் ஒட்டியிருந்தன. கண்டவர் வீட்டு மதிலில் ஒட்டக்கூடாது என்று அவர் கட்சிப் பொடியன்மாருக்குச் சொல்லியிருந்தார். அவர்கள் கேட்பார்களா? ஒரு காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர், வாளியில் தண்ணீரும் தேங்காய்ப் பொச்சும் எடுத்துக்கொண்டு போய், மருந்துக்கடை மதிலில் இருந்த தன்னுடைய முகத்தைத் தானே உரசிக் கழுவிக்கொண்டிருந்தார். பாண் வாங்கப் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அன்று பகலுக்குள் அந்தக் கதை புத்தளம் வரைக்கும் போய்விட்டது. ஒட்டிய போஸ்டரைவிடக் கழுவிய போஸ்டரால்தான் வோட்டு வந்தது என்று பிறகு கட்சிக்காரர்கள் சொல்வார்கள்.

ஆனால் கரைத்தீவுப் பக்கம் போகத்தான் அவருக்குத் தயக்கமாக இருந்தது. அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் தொண்ணூறில் புலிகளால் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்கள். கடலோரக் களப்பின் கரையில் முதலில் கிடுகுக் கொட்டில், பிறகு கல்வீடு என்று எழும்பியவர்கள். வோட்டு அங்கே நிறைய இருந்தது. போகாமல் முடியாது.

பாடசாலை மண்டபத்தில் கூட்டம். அவர் ரோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"ரோட்டுக் கத கிடக்கட்டும். நீங்க ஆமியில இருக்கக்குள்ள மன்னார்ல நிண்டீங்களா?"

மேடையில் இருந்த கட்சிக்காரர்கள் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேனோ இல்லையோ, நினைவில்லை.

"ஓம். நிண்டன். ரெண்டு தரம்."

"எந்த ஊர்ல?"

அவர் ஊரின் பெயரைச் சொன்னார். மண்டபத்தில் ஒரு சத்தம் எழுந்தது. கோபமில்லை. நிறையப் பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் அந்த ஊர்.

"பள்ளிவாசல் இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சுவர் இருக்கு. மினாரா இருக்கு. உள்ள காட்டு மரம் மொளச்சிருக்கு. வெட்டுங்க எண்டு நான் பொடியன்மாருக்குச் சொன்னன். ரெண்டு மாசத்துல திருப்பி மொளச்சிச்சு."

அவ்வளவுதான். அன்று வேறு யாரும் ரோட்டைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ கேட்கவில்லை. கூட்டம் முடிந்த பிறகும் ஆண்களும் பெண்களும் அவரைச் சுற்றி நின்று கேட்டார்கள். பள்ளிக்கு முன்னால் இருந்த புளியமரம் நிற்கிறதா, குளத்துக் கட்டு உடைந்துவிட்டதா, எந்தக் கிணற்றில் தண்ணீர் நல்லது. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் கரைத்தீவு ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். தேர்தல் கதைக்க வந்தவர்கள் இல்லை, ஊர்க் கதை கேட்க வந்தவர்கள். அவர் விறாந்தையில் உட்கார்ந்து, பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறிக் காட்டுவார். பாதை, பள்ளி, குளம், வளைவுகள். ஆமியில் கற்றது. நான் தேத்தண்ணி ஊற்றி ஊற்றிக் களைத்துப் போவேன், ஆனாலும் அந்தப் பின்னேரங்களுக்காகக் காத்திருப்பேன். அவர் என் வீட்டில் அவ்வளவு கதைத்தது அப்போதுதான். மன்னாரில் அவருடைய காலம் எப்படிப் போனது என்பதை நானே அந்த ஆட்களுக்குப் பின்னால் நின்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கருவாட்டு வியாபாரி. சைக்கிளில் கருவாடு கட்டிக்கொண்டு கற்பிட்டிக்கும் வருவார். அண்ணன் முறைக்கு நாங்கள் அவரைக் கருவாட்டு நானா என்போம். அதிகம் கதைக்காதவர். ஒரு வெள்ளிக்கிழமை, மேஜர் கீறிய தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர், ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த முடக்குல ஒரு ஊடு. செகப்பு சீமெந்துத் தரை. முன்னுக்கு ரெண்டு தூண்."

"ஓம்," என்றார் இவர். "அந்த ஊட்டுலதான் நாங்க நிண்ட. அதுதான் எண்ட ஒபீஸ்."

நானா விரலை எடுக்கவில்லை. "அது எண்ட ஊடு."

நான் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றேன்.

"கதவு யன்னல் இருந்துச்சா?"

"நாங்க வரக்குள்ளயே இல்ல."

"கூர?"

இவர் பென்சிலைக் கீழே வைத்தார். இருக்கவில்லை என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. "கூர இருந்துச்சு. மரத்தக் கழட்டினது நாங்க. பங்கருக்கு."

நானா எழுந்து சாரத்தைச் சரிசெய்தார். தேத்தண்ணியைக் குடிக்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. சைக்கிள் மணி கேட்டால் இவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார்.

தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நானா வந்தார். நல்ல கட்டாக் கருவாடு ஒரு பார்சல் கட்டி என் கையில் தந்தார். பிறகு இவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

"மேஜர், நான் வோட்டு ஒங்களுக்குப் போட மாட்டன். எங்கட ஆள் ஒருத்தர் மத்தக் கட்சியில நிக்கிறார். அவருக்குத்தான்."

"சரி."

"ஆனா வெள்ளிக்கிழமைக்கு வருவன். நீங்க பொய் சொல்லல்ல."

"தங்கச்சி, தேத்தண்ணி," என்று உள்ளே பார்த்து நானாவே சத்தம் போட்டார்.

இவர் வென்றார். எங்கள் மாவட்டத்தில் கட்சிக்குக் கிடைத்த ஆசனங்களில் கடைசி ஆளாக. பட்டாசு வேண்டாம் என்றார். பொடியன்மார் கேட்கவில்லை.

மாகாண சபை குருணாகலில் கூடும். சபை நாளில் விடிய முன்னமே எழுந்து வெள்ளைச் சட்டை போட்டு, சப்பாத்தைத் தானே மினுக்கிக்கொண்டு போவார். அங்கே மற்றவர்கள் கத்திக் கதைக்கும்போது இவர் கையை உயர்த்திக்கொண்டு முறை வரும்வரை நிற்பாராம். சில நாளில் முறை வராமலே சபை முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து, "இண்டைக்கும் நிண்டது மட்டும்தான்," என்பார். உடப்பு மீனவர் சங்கத்தினர் வருவார்கள், தலவில திருவிழாவுக்குத் தண்ணீர் பவுசர் லொறி கேட்டுக் கத்தோலிக்கக் கோயில் ஆட்கள் வருவார்கள். வாசலில் செருப்புகள் கண்டபடி கிடக்கும். அவர் அதைப் பார்த்தும் பாராதவர் போலப் போவார். எனக்கு அந்தச் செருப்புக் குவியலைப் பார்க்கவே சந்தோசமாக இருக்கும்.

அவர் பெரிதாக ஒன்றும் கட்டவில்லை, கல்லில் பெயர் வெட்டவில்லை. ஆனால் ஒரு பஸ் ஓட வைத்தார். கரைத்தீவுக் குடியேற்றத்திலிருந்து பெரிய பாடசாலைக்குப் போகும் பெண் பிள்ளைகள் சந்திவரை நடக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரும்போது பாதிப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். காலையில் ஒரு பஸ் உள்ளே வந்து போக வேண்டும் என்று இவர் சபையில் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பாதை ஒடுக்கம், பஸ் திரும்பாது என்று பதில் வந்தது.

அடுத்த நாள் அளவு நாடாவும் என்னையும் எடுத்துக்கொண்டு கரைத்தீவுக்குப் போனார். நாடாவின் ஒரு நுனியை நான் பிடித்தேன், மறுநுனியை அவர் பிடித்தார். வெயிலில் குடையும் இல்லாமல் அந்தப் பாதை முழுக்க அளந்தோம். ஊரே வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒரு வேலி பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பள்ளி இருக்கிறதா என்று கேட்ட அதே பெண்ணின் வேலி.

"நீங்க ரெண்டு பேரும் மொதல்ல வந்து இருங்க. முகமெல்லாம் வெந்து போச்சு," என்றாள். நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கும்போது அவளுடைய மகன் வேலிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

பஸ் வந்த முதல் நாள் நாங்களும் போய் நின்றோம். வெள்ளைச் சட்டை, வெள்ளை முக்காடு போட்ட பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். எனக்குக் கண் கலங்கியது. அவர் மணிக்கூட்டைப் பார்த்து, "பிந்தித்தான் வந்திருக்கு," என்றார். வரும் வழியெல்லாம் சாரதியைப் பற்றி முறைப்பாடு சொல்லிக்கொண்டே வந்தார். அவருடைய சந்தோசம் அப்படித்தான் வெளியே வரும் என்பதை அதற்குள் நான் கற்றிருந்தேன்.

அந்த வருடங்களில் ஒரு முறை நானா எங்களை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகலாமா என்று இவர்தான் தயங்கினார். "நான் எந்த முகத்தோட அந்த ஊட்டுக்குள்ள வாற?" என்றார். "வந்த முகத்தோடதான்," என்றார் நானா.

வீட்டில் நான்கு சுவரும் இரண்டு தூணும் நின்றன. சிவப்புத் தரை வெடித்து, அதற்குள்ளால் புல் முளைத்திருந்தது. நானா தன்னுடைய உம்மா சமைத்த மூலையைக் காட்டினார். தான் கல்யாணம் முடித்து முதல் ராத்திரி இருந்த அறையைக் காட்டிக் கொஞ்சம் வெட்கப்பட்டார். இவர் அதே அறையில் மேசை போட்டிருந்த இடத்தைக் காட்டினார். மழைக்குப் படங்கு கட்டிய ஆணி சுவரில் இன்னும் இருந்தது. "இந்த யன்னலால பாத்தா குளம் தெரியும்," என்று நானா சொல்ல, "விடியக் காலையில கொக்கு வரும்," என்றார் இவர். "ஓம், ஓம்," என்றார் நானா. இரண்டு பேரும் கதவில்லாத அந்த வாசலில் நின்று, ஒருவர் வாழ்ந்த வீட்டை மற்றவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கிணற்றடியில் உட்கார்ந்து, கொண்டுபோன சோற்றுப் பார்சல்களைப் பிரித்தேன். கிணற்றுத் தண்ணீர் இவர் அன்று கூட்டத்தில் சொன்னபடி நல்ல தண்ணீர்தான். நானா பிறகு அந்த வீட்டுக்குக் கூரை போட்டார். ஆனால் பிள்ளைகளுக்குக் கரைத்தீவுதான் ஊர் என்று ஆகிவிட்டதால், மாதத்தில் பாதி அங்கும் பாதி இங்குமாக இருந்தார்.

இவர் தேர்தலில் தோற்கவில்லை. சபையின் காலம் முடிந்தது, கலைந்தது. அடுத்த தேர்தல் விரைவில் வரும் என்றார்கள். இன்று வரைக்கும் வரவில்லை. முதல் வருடம் அவர் வெள்ளைச் சட்டைகளை மடித்துத் தயாராக வைத்திருந்தார். பிறகு அவற்றைச் சும்மா வீட்டில் உடுக்கத் தொடங்கினார்.

சபை கலைந்த மறுவருடம், ஈஸ்டர் ஞாயிறு தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, எங்கள் ஆட்களுக்கு நல்ல காலமாக இருக்கவில்லை. எல்லா வீடுகளையும் சோதித்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஆமி வந்தது. இளம் லெப்டினன்ட் ஒருவர் அலுமாரியைத் திறந்தார். உள்ளே பழைய யூனிஃபோம் தொங்கியது. யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். "என்னுடையது," என்றார் இவர். அந்தப் பிள்ளை அலுமாரியை மெதுவாகச் சாத்திவிட்டு, தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போனது.

"ஒங்கட ஊட்டுக்குள்ளயே வந்திட்டாங்களே," என்றேன்.

"அவன் வேலையச் செஞ்சான்," என்றார். "நானும் இப்பிடித்தான் எத்தனையோ பேர்ட ஊட்டுக்குள்ள போயிருக்கன். அவங்கட பொம்புளைகள் எப்பிடி நிண்டிருப்பாங்க எண்டு இண்டைக்குத்தான் பாத்தன்."

அன்று முழுக்க அவர் விறாந்தையில் இருந்தார். நான் போய்ப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்.

போன நோன்புக்கு முன் அவர் மவுத்தானார். பகல் ளுஹருக்குத் தொழ உட்கார்ந்தவர் எழும்பவில்லை. அன்று பின்னேரமே, அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். இராணுவ மரியாதை வேண்டுமா என்று யாரோ போனில் கேட்டபோது, வெடிச்சத்தம் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அவர் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பார். கரைத்தீவிலிருந்து லொறியில் ஆட்கள் வந்தார்களாம். கட்சிக்காரர்கள் வந்தார்களாம். கணவனை இழந்தவள் ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் நான் உள்ளறையில் இருந்தேன், ஒருவரையும் பார்க்கவில்லை.

அவரோடு வேலை செய்த சிங்கள அதிகாரிகள் நான்கு பேர் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. நாங்கள் இவ்வளவு விரைவாக அடக்குவோம் என்று அவர்களுக்குத் தெரியாது. நானா அவர்களை மையவாடிக்குக் கூட்டிப் போய், கையை எப்படி ஏந்துவது என்று காட்டிக் கொடுத்தாராம். திரும்பி வந்து எங்கள் முன்னறையில் உட்கார்ந்து கதைத்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. விளங்கிய அளவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காம்பில் மழை நாட்களில் எல்லோரும் சோர்ந்து போய் இருக்கும்போது மேஜர்தான் பாட்டுப் பாடுவார் என்றார் ஒருவர்.

எங்கள் வீட்டில் அவர் ஒரு நாளும் பாடியதில்லை. நான் மூத்த மகனைத் திரைக்குள் கூப்பிட்டேன். "என்ன பாட்டுப் பாடுவார் எண்டு கேளு," என்றேன்.

அவன் போய்க் கேட்டுக்கொண்டு வந்தான். "ஹிந்திப் பாட்டாம் உம்மா. சொல்லெல்லாம் பிழையாம். சத்தம் மட்டும் பெருசாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தாவில் இருக்கிறவள் இப்படிச் சிரிப்பதா என்று என் மச்சி முழங்கையால் இடித்தாள். நான் முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு, "இன்னும் என்ன செய்வார் எண்டு கேளு," என்று அவனைத் திரும்பவும் அனுப்பினேன்.